இருபது கிலோவுக்குப் பதினெட்டு

ஜனவரி 12 – 79.6 கிலோ
பிப்ரவரி 23 – 75.2
மார்ச் 16 – 72.0
ஏப்ரல் 6 – 69.4
ஏப்ரல் 27 – 66.8
மே 18 – 64.0

இவை ஒரே பெண்ணின் எடைகள். முதலாவது, மகள் பிறந்த மறுநாள் மருத்துவமனைத் தராசு காட்டியது. மற்ற ஐந்தும் வீட்டுத் தராசு காட்டியவை. அந்த ஐந்தில் நான்கு பொய்.

அவள் டவர் கிரேன் ஓட்டுகிறவள். அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும் இடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஒற்றைக்கால் கொக்கு மாதிரி நிற்குமே, அதன் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. காலையில் ஏணியேறி அதற்குள் போனால் சாப்பாட்டு வேளைக்குத்தான் இறங்குவாள். கொக்கியில் என்ன மாட்டியிருக்கிறார்கள், எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்பதைக் கீழே இருப்பவர்கள் வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னதை அவள் ஒரு நாளும் அப்படியே நம்பியதில்லை. "எண்ணூறு கிலோதான் அக்கா, தூக்குங்க" என்பார்கள். கூண்டிலிருக்கும் மீட்டர் ஆயிரத்து நூறு காட்டும். அதனால் எந்தச் சுமையானாலும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்துவாள். கம்பி முறுக்குகிறதா, சுமை சாய்கிறதா என்று பார்த்த பிறகுதான் மேலே ஏற்றுவாள். கீழே காத்திருப்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். அவளுக்கு 'ஒருசாண்' என்று பெயர் வைத்தார்கள்; கடைசியில் சம்பளச் சீட்டு கொடுப்பவர்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. அவள் கிரேனிலிருந்து ஒரு செங்கல்கூடக் கீழே விழுந்ததில்லை.

வேலையிடத்துப் பழக்கத்தை அவள் வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வந்ததும் இல்லை. கடையில் மீதிச் சில்லறை வாங்கினாலும் சரி, யாராவது சும்மா நலம் விசாரித்தாலும் சரி, உடனே உள்ளே விடமாட்டாள். கொஞ்ச நேரம் அந்தரத்தில் தொங்கவிட்டுப் பார்ப்பாள்.

பேறுகால விடுப்பு ஜூன் 30 வரை. ஆறு மாதத்துக்கு மேல் கூண்டை விட்டு விலகியிருந்தவர் யாரானாலும், கம்பெனி டாக்டர் முன்னால் மறுபடி ஏணியேறிக் காட்ட வேண்டும் என்பது விதி. நடுவிலிருக்கும் மேடைகளில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மேடைக்கும் மேடைக்கும் நடுவில் நிற்கக் கூடாது. முடியாதவர்களுக்குச் சாமான் கிடங்கில் வேலை. ஆணியும் திருகும் எண்ணிக் கொடுக்க வேண்டும். கிடங்குக்குப் போனவர்கள் யாரும் மறுபடி மேலே போனதில்லை.

பிப்ரவரி நடுவில் சைட் சூப்பர்வைசர் குழந்தையைப் பார்க்க வந்தார். குழந்தைக்கு ஒரு குல்லாய் கொண்டுவந்தார். டீ குடித்தார். "உன் சீட்ல குருவியை உக்கார வச்சிருக்கேன். நல்லாத்தான் ஓட்டறான்" என்றார். குருவி என்பவன் ஒல்லியான இளைஞன். ஏணியில் ஓடியே போய்விடுவான். கிளம்பும்போது வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஜூன்ல பாப்போம். ஏணி தாங்கணுமே!"

எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர. குழந்தை பெறுவதற்கு முன் அவள் எடை அறுபத்திரண்டு. 'நல்லாத்தான் ஓட்டறான்' என்பதையும் 'ஏணி தாங்கணுமே' என்பதையும் சேர்த்துப் பார்த்தாள். அந்த ஆள் முடிவெடுத்துவிட்டுத்தான் குல்லாய் வாங்கியிருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. ஜூன் முப்பதுக்குள் அறுபத்திரண்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே கங்கணம் கட்டிக்கொண்டாள்.

அவள் வாழ்க்கைப்பட்டது தராசுக்காரர் குடும்பத்தில். கணவன் தராசு பழுது பார்ப்பவன். அவனுடைய அக்காவுக்கும் அதே தொழில்தான். அப்பா விட்டுப்போன பட்டறையை அக்காவும் தம்பியுமாக நடத்தினார்கள். லாரி எடைமேடை, மூட்டைத் தராசு போன்ற பெரிய வேலைகளுக்குத் தம்பி வெளியே போவான். நகைக்கடைத் தராசு, மருந்துக்கடைத் தராசு என்று மயிரிழைத் திருகு வேலையெல்லாம் அக்காவுடையது. கீழே பட்டறை, மேலே வீடு. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நெறைய பேரை நிறுத்துப் பாத்துட்டேன், ஒருத்தனும் தேறல" என்பாள்.

குளியலறை வாசலில் கிடந்த தராசு கணவன் கொண்டுவந்தது. ஏறி நின்றால் முள் சுற்றும், பழைய வகை. அவள் தினமும் ஏறத் தொடங்கியதும் நாத்தனார் தடுத்தாள்.

"தெனம் ஏறினா தராசுக்கும் பைத்தியம் புடிக்கும், உனக்கும் புடிக்கும். மூணு வாரத்துக்கு ஒருதடவை ஏறு. திங்கக்கிழமை, வெறும் வயித்துல. நடுவுல நான் எடுத்து உள்ள வச்சிடறேன்."

"எதுக்கு அண்ணி உள்ள வைக்கணும்?"

"குழந்தை தவழ ஆரம்பிச்சா முள்ளைப் புடிச்சு இழுக்கும்."

"அது இன்னும் குப்புறகூட விழலையே!"

"விழுமில்ல?"

இந்தப் பதில் அவளுக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது. ஆனால் எடை குறைந்துகொண்டே வந்ததால் விட்டுவிட்டாள். ஒவ்வொரு திங்களன்றும் முள் இன்னும் கொஞ்சம் கீழே நின்றது. அன்றைக்கு மட்டும் மனசார ரெண்டு முட்டை கூடுதலாகச் சாப்பிடுவாள். மறுநாளிலிருந்து மறுபடி வாயைக் கட்டுவாள். குழந்தை தூங்கும் நேரத்தில் எதிரே இருக்கும் எட்டு மாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் ஏறி இறங்கினாள். தரையில் மல்லாந்து படுத்து, கையைத் தலைக்குப் பின்னால் கோத்து, எழுந்து எழுந்து படுத்தாள். படியேறும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. எடை குறைந்தால் அதுவும் நின்றுவிடும் என்று நினைத்தாள்.

மே 18 அன்று அறுபத்து நான்கு. இன்னும் இரண்டே கிலோ. சந்தோஷத்தில் பெட்டிக்குள் இருந்த வேலை உடுப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கழுத்திலிருந்து கால்வரை ஒரே துணியாக, முன்பக்கம் ஜிப் வைத்த உடுப்பு. ஜிப் தொப்புளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மூச்சை உள்ளே இழுத்தாள். படுத்துக்கொண்டு இழுத்தாள். ஒரு கை அகலத்துக்கு வயிறு வெளியே நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் அறுபத்தைந்து கிலோவாக இருந்தபோதும் இதே உடுப்பு அவளுக்குச் சரியாக இருந்திருக்கிறது.

மீட்டர் ஒன்று சொல்கிறது, கம்பி வேறொன்று சொல்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அக்காவும் தம்பியும் வெளியே போயிருந்த ஒரு பிற்பகலில் தராசை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு இறங்கினாள். மாடிப்படிக்கு அடியில் எடைமேடைகளைச் சோதிக்கும் இரும்பு எடைக்கற்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் இருபது கிலோ. அரசாங்க முத்திரை குத்தியவை. தராசின் முள் பூஜ்யத்தில் ஒழுங்காக நின்றது. ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். பதினெட்டு. இரண்டாவதை வைத்தாள். முப்பத்தாறு. மூன்றாவதை வைத்ததும் ஐம்பத்து நான்கு. அடிவயிற்றில் ஏதோ இழுத்தது. குனிந்து பார்த்தாள். வயிற்றின் நடுவில், மேலிருந்து கீழாக, கூரைமுகடு மாதிரி ஒரு மேடு கிளம்பி அடங்கியது. அதை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய உண்மையான எடை எழுபத்தொன்று.

வேறு எந்த வீடாக இருந்தாலும் 'தராசு கெட்டுவிட்டது' என்று சொல்லிவிட்டுப் போகலாம். தராசுக்காரர் வீட்டில் தராசு தானாகக் கெடுமா? வெறுமனே இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும், ஆள் ஏறினால் மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்றால், உள்ளேயிருக்கும் சுருள்கம்பியின் திருகைத் தெரிந்தவன்தான் தொட்டிருக்க வேண்டும். கொண்டுவந்தவன் கணவன். ஏன் தொட்டான்?

கற்களைப் பழையபடி அடுக்கிவிட்டு மேலே போனாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நடந்தாலும் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

பார்க்கிறவளுக்குக் கிடைக்காமலா போகும்? இரண்டு நாள் கழித்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனவள், தெருமுனை டீக்கடையில் கணவனும் சூப்பர்வைசரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கணவன் பேசிக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனைக் கேட்டாள். "இன்னிக்கு எங்க வேலை?"

"மாவு மில்லுல. மூட்டைத் தராசு."

"நாள் பூராவுமா?"

"நாள் பூராவுந்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன். டீ குடிச்சீங்களா?"

"மில்லுலயே கொடுத்தாங்க."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பொய் என்று தெரிந்துவிட்டது. எதற்காகப் பொய் என்பதுதான் பாக்கி. அதுவும் அந்த வாரக் கடைசியில் கிடைத்ததாக நினைத்தாள். துணி உலர்த்திக்கொண்டிருந்த நாத்தனார் யாரிடமோ போனில் பேசியது மாடிப்படியில் கேட்டது. "ஜூலைல அவ எங்க போறா? வீட்லதான் இருப்பா. அவகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க."

ஆக, மூன்று பேரும் சேர்ந்திருக்கிறார்கள். தராசைத் திருகி, எடை குறைந்துவிட்டது என்று அவளை நம்பவைத்து, ஜூன் முப்பதில் ஏணியில் ஏறவிட்டு, பாதியில் மூச்சு முட்டி இறங்கவைத்துவிட்டால் போதும். யாரும் அவளைப் போகாதே என்று சொன்னதாக இருக்காது. அவளே தோற்றதாக இருக்கும். குருவிக்குக் கூண்டு. நாத்தனாருக்குப் பிள்ளை பார்க்கும் வேலை மிச்சம். கணவனுக்கு வீட்டோடு ஒரு மனைவி.

அவள் இன்னும் கடுமையாக வாயைக் கட்டினாள். ஒரு ரொட்டித் துண்டு, கொஞ்சம் சூப். படிக்கட்டில் முன்பு ஏறியதற்கு இரண்டு மடங்கு ஏறினாள். நாலாவது மாடியில் ஒருமுறை கண் இருட்டிக்கொண்டு வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு வீறிட்டது. நாத்தனார் ஒன்றும் சொல்லாமல் ஒரு தட்டு நிறையச் சாப்பாடு கொண்டுவந்து வைப்பாள். இவள் ஒன்றும் சொல்லாமல் அதை நகர்த்தி வைப்பாள்.

ஜூன் முதல் வாரம் தடுப்பூசிக்காகக் குழந்தையைக் குழந்தைநல மையத்துக்குக் கொண்டுபோனாள். ஊசி போட்டதும், பக்கத்து அறையிலிருந்து பிசியோதெரபிஸ்ட் ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துக் கையசைத்தார்.

"உள்ள வாங்க. நீங்கதானே கிரேன் ஓட்டறவங்க?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"உங்க நாத்தனார். போன மாசம் வந்திருந்தாங்க."

அவளுக்கு மூக்கில் வியர்த்தது. இங்கேயும் வந்துவிட்டாளா? "அவங்க எதுக்கு வந்தாங்க? உங்களுக்கு எவ்ளோ நாளாப் பழக்கம்?"

பிசியோ அம்மாள் சிரித்தார். "போலீஸ்ல இருந்திருக்கலாம் நீங்க. என்னை நம்ப வேண்டாம். உங்க விரலை நம்புவீங்களா? படுங்க."

முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார். தொப்புளுக்குச் சற்று மேலே அவளுடைய விரல்களையே வைக்கச் சொன்னார். தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொன்னார். கூரைமுகடு மாதிரி அந்த மேடு மறுபடி கிளம்பியது. அதன் நடுவில் மூன்று விரல்கள் குழிக்குள் போவதுபோல உள்ளே போயின. சதைக்குப் பதில் வெறும் பை மாதிரி இருந்தது.

"வயித்துல ரெண்டு பக்கமும் தசை இருக்குல்ல, குழந்தைக்கு இடம் விட்டு விலகியிருக்கு. இன்னும் சேரல. வயிறு உள்ள போகாததுக்குக் கொழுப்பு மட்டும் காரணம் இல்ல. படுத்து எழுந்திரிக்கற பயிற்சி பண்றீங்களா?"

"பண்றேன்."

"அது இன்னும் பிரிக்கும். நிறுத்துங்க. படியேறறப்போ கசியுதா?"

அவள் துணியை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"நெறைய பேருக்குக் கசியும். சொல்றவங்க கம்மி. இந்த நெலமைல ஏணி ஏறினா இடுப்பு போயிடும். முதல்ல மூச்சு. வெளிய விடறப்போ அடிவயித்தை மெல்ல உள்ள இழுக்கணும். சிறுநீரை அடக்கற மாதிரி கீழ்த் தசையை இறுக்கி விடணும். ஒழுங்காச் சாப்பிடணும். அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா எடை தூக்கலாம். ஆகஸ்ட் கடைசிக்குள்ள உங்களை ஏணில ஏத்திடலாம். ஜூன்ல வேண்டாம்."

'ஜூன்ல வேண்டாம்.' அதற்குத்தான் இவ்வளவு பேச்சுமா? வெளியே வந்தவள், அந்த அம்மாளையும் சதியில் நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டாள். ஆனால் குழிக்குள் போன மூன்று விரல்களும் அவளுடையவை. அவற்றை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது தராசைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் போட்டாள். கணவனைப் பார்த்தாள்.

"கீழ போய் இருபது கிலோ கல்லு ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

"சாப்பிடறப்போ எதுக்குக் கல்லு?"

"எடுத்துட்டு வாங்க."

எடுத்துவந்தான். "வைங்க" என்றாள். வைத்தான். முள் பதினெட்டில் நின்றது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளே திகைத்தாள். திருடன் அகப்பட்டுக்கொண்ட முகம் அது இல்லை. தன் கடைப் பெயர்ப்பலகையில் யாரோ சாணி அடித்ததைப் பார்த்தவன் முகம். கல்லை எடுத்தான், மறுபடி வைத்தான். தராசைக் கவிழ்த்துப் போட்டு, பாக்கெட்டிலிருந்த திருப்புளியால் அடித்தட்டைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாக அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா. இது உன் கை."

நாத்தனார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "திருகோட தலை நசுங்காம இருக்கா?"

"இருக்கு."

"அப்போ என் கைதான். நீ செஞ்சா நசுங்கியிருக்கும்."

"நம்ம பரம்பரைல ஒருத்தர் தராசைத் திருகினது கெடையாதுக்கா!"

"கத்தாதே, குழந்தை தூங்குது." அவள் இவளைப் பார்த்தாள். "முள்ளு எறங்கின அன்னிக்கு மட்டுந்தான் நீ சாப்பிட்டே. மத்த நாள் தட்டைத் தள்ளினே. பால் வத்திட்டே போச்சு. நான் வேற என்ன செய்ய? மூணு வாரத்துக்கு ஒருதடவை ஒரு நூல் திருகினேன்."

"சாப்பிடு, பால் வத்துதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்புவியா நீ? வாயைத் தொறந்து யார் என்ன சொன்னாலும் அந்தரத்துல நிறுத்தி வச்சுப் பாக்கறவ."

"சரி. சூப்பர்வைசர்கிட்ட எதுக்கு இவரை அனுப்பினீங்க? மாவு மில்லுன்னு எதுக்குப் பொய்?"

கணவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "நீ பாத்துட்டியா?"

"பாத்துட்டேன். 'ஜூலைல அவ வீட்லதான்'னு போன்ல பேசினதையும் கேட்டுட்டேன்."

"அது பிசியோ அம்மாகிட்ட பேசினது" என்றாள் நாத்தனார். "உன் துணியைத் துவைக்கறவ நான். கசியறது எனக்குத் தெரியாதா? அவங்ககிட்ட போய்க் கேட்டேன். ஆகஸ்ட் வரை ஏறக் கூடாதுன்னாங்க. உன்கிட்ட சொன்னா மறுநாளே போய் ஏறிக் காட்டுவே. அதான் இவனை அனுப்பி ரெண்டு மாசம் தவணை கேக்கச் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"வேலை செய்யறவளே வந்து கேக்கட்டும்னுட்டாரு" என்றான் கணவன்.

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "என் வேலைக்கு, என்னைக் கேக்காம, எனக்கு லீவு கேட்டீங்களா? நான் என்ன மூட்டையா? எனக்குத் தெரியாம எறக்கி வைக்க?"

பிறகு அவள் நாத்தனாரைப் பார்த்து, வெகுநாளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டாள். "அண்ணி, உண்மையச் சொல்லுங்க. நான் வேலைக்குத் திரும்பப் போகாம இருந்தா உங்களுக்குச் சந்தோஷந்தானே?"

"சந்தோஷந்தான்" என்றாள் நாத்தனார், கொஞ்சமும் யோசிக்காமல். "அவ்ளோ உயரத்துல ஒருத்தி இருக்கான்னு நெனைச்சாலே எனக்குப் பயமா இருக்கும். ஆனா அதுக்காகத் திருகல. பாலுக்காகத் திருகினேன். நீ நம்பினாலும் சரி, நம்பாட்டாலும் சரி."

இத்தனை நாளில் அந்த வீட்டில் அவள் காதில் விழுந்த வார்த்தைகளில் இந்த ஒன்றைத்தான் அவளால் சட்டென்று நம்ப முடிந்தது. தனக்குச் சாதகமில்லாததை ஒருவர் சொன்னால் அதில் கலப்படம் இருக்காது. தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு முழுவதும் சாப்பிட்டாள். ஆனாலும் அன்று முழுவதும் இருவரோடும் பேசவில்லை.

இப்போது முடிவு அவள் கையில் இருந்தது. ஜூன் முப்பதில் ஏறலாம். ஏறினால் உடம்பு தாங்காமல் போகலாம். இரண்டு மாதம் தவணை கேட்கலாம். கேட்டால் அந்த இரண்டு மாதத்தில் குருவி கூண்டிலேயே கூடு கட்டிவிடலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் வழியில் குழி வெட்டியிருப்பதுபோலத்தான் இருந்தது.

யாரையும் கேட்காமல், ஒரு காலை வேளையில் வேலையிடத்துக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் எல்லோரும் "ஒருசாண் வந்தாச்சு" என்று கத்தினார்கள். தன் கிரேனின் அடியில் நின்று மேலே பார்த்தாள். இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தாள். முதல் மேடைக்குப் பாதி வழியில் அடிவயிறு இழுத்தது. மேடையை எட்டுவதற்குள் தொடையில் ஈரம் இறங்கியது. மேடையில் நின்று, பட்டைக்கு மேலே கை வைத்துப் பார்த்தாள். அந்த முகடு புடைத்துக்கொண்டு நின்றது. மூச்சு வாங்கவே இல்லை. காலில் தெம்பு இருந்தது. இன்னும் மூன்று மேடை ஏறியிருப்பாள். ஏணி தாங்கிற்று. நடுவயிறுதான் தாங்கவில்லை. தராசைப் பார்த்துப் பார்த்து எடையைக் குறைத்ததெல்லாம் தவறான இடத்தைப் பார்த்தது என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. இறங்கினாள்.

கீழே சூப்பர்வைசர் நின்றிருந்தார். "என்னம்மா, டெஸ்ட் முப்பதாம் தேதிதானே?"

"முப்பதாம் தேதி ஏறமாட்டேன் சார். வயித்துத் தசை இன்னும் சேரல. ரெண்டு மாசம் வேணும்."

பக்கத்தில் சுற்றிலும் ஆண்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அவர்தான் சங்கடப்பட்டு ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார்.

"எழுதிக் கொடு. சர்ட்டிபிகேட் வை. மேல அனுப்பறேன்."

"அதுக்குள்ள குருவியை நிரந்தரம் பண்ணிட்டீங்கன்னா?"

"பண்ணமாட்டேன்னு நான் சொன்னா நீ நம்பவா போறே?"

"நம்பமாட்டேன்."

"அப்பறம் எதுக்குக் கேக்கறே?" என்று சிரித்தார். "ஏணி தாங்குமான்னு நான் அன்னிக்குச் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். உன் புருஷன் வந்து அதுக்குச் சண்டை போட்டுட்டுப் போனான், தெரியுமா?"

தெரியாது. அதைக் கணவன் அவளிடம் சொல்லவே இல்லை. உண்மையாக இருக்குமா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கேட்டபோது அவன் காது சிவந்ததைப் பார்த்து, இருக்கும் என்று தீர்மானித்தாள்.

எழுதிக் கொடுத்ததற்குக் கம்பெனியிலிருந்து முதல் பதில் ஜூலை ஆரம்பத்தில் வந்தது. அவளுடைய விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக ஒரே வரி. இரண்டாவது, ஜூலை நடுவில். செப்டம்பர் 1 அன்று ஏறிக் காட்டலாம். அதுவரை சம்பளமில்லா விடுப்பு. இடம் காலியாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கடைசிப் பகுதியை அவள் பலமுறை படித்தாள். 'உறுதி இல்லை' என்று மெனக்கெட்டு ஒருவன் எழுதுகிறான் என்றால், அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

ஆனாலும் பயிற்சியை விடவில்லை. முதல் சில வாரம் வெறும் மூச்சும் தசையை இறுக்கி விடுவதும்தான். பார்க்கிறவர்களுக்கு அவள் கூரையைப் பார்த்துச் சும்மா படுத்திருப்பதுபோலத் தெரியும். "இதுக்குப் பேரு பயிற்சியா? இதை நான் முப்பது வருஷமாப் பண்றேனே" என்றாள் நாத்தனார். எடை தூக்கலாம் என்று பிசியோ அம்மாள் அனுமதி தந்ததும், பட்டறையிலிருந்து எடைக்கற்கள் மேலே வந்தன. முதலில் ஒரு கிலோ, பிறகு இரண்டு, பிறகு ஐந்து. உலகத்தில் முத்திரை குத்திய கல்லைத் தூக்கிப் பயிற்சி செய்த பெண் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று கணவன் கேலி செய்தான். மூச்சை வெளியே விட்டபடி தூக்குகிறாளா என்று எதிரே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாத்தனார் பார்த்திருப்பாள். அடக்கிக்கொண்டால், "ஊதுடி" என்று அதட்டுவாள். நாத்தனார் எதற்காக இவ்வளவு அக்கறை காட்டுகிறாள் என்று அவளுக்கு நடுநடுவே ஒரு சந்தேகம் வரும். அதைப் பொருட்படுத்தாமல் ஊதுவாள்.

ஜூலைக் கடைசியில் படியேறியபோது கசியவில்லை. மறுநாளும் கசியவில்லை. மூன்றாம் நாள் வேண்டுமென்றே தும்மிப் பார்த்தாள். ஆகஸ்ட் நடுவில் மூன்று விரல் போன இடத்தில் ஒன்றுதான் போனது. அதன் அடியிலும் கெட்டியாக இருந்தது. வேலை உடுப்பின் ஜிப் கழுத்துவரை ஏறியது. திருகைச் சரிசெய்த தராசில் கணவன் ஏறச் சொன்னான். எழுபது. அவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "கல்லை வச்சுக் காட்டுங்க" என்றாள். வைத்துக் காட்டினான். இருபது. சரி என்று விட்டுவிட்டாள்.

செப்டம்பர் 1 அன்று டாக்டரும் சூப்பர்வைசரும் கீழே நின்றார்கள். அவள் ஏறினாள். மேடைக்கு மேடை நின்று, மூச்சை நிதானமாக வெளியே விட்டு, மறுபடி ஏறினாள். உள்ளே எதுவும் இழுக்கவில்லை, எதுவும் கசியவில்லை. கூண்டை எட்டியபோது குருவி கதவைத் திறந்து விட்டான். இருக்கையை அவள் உயரத்துக்கு ஏற்றபடி வைத்திருந்தான்.

"அக்கா, சீட்டை உங்களுக்குச் சரி பண்ணி வச்சிருக்கேன்."

"நீ எங்க போகப் போறே?"

"யாருக்குத் தெரியும்? உங்களுக்குக் கொடுத்தா என்னை ஆத்தங்கரை சைட்டுக்கு அனுப்புவாங்க. எனக்குக் கொடுத்தா நீங்க கிடங்குக்கு. ரெண்டுல எது வந்தாலும் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாக்க முடியாது. அதான் இப்பவே பாத்துக்கலாம்னு."

அவன் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னான். அவள் இருக்கையில் உட்கார்ந்து, கை எட்டுகிறதா என்று பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் ஓட்டறியாம்" என்றாள். இறங்கும் ஏணியில் கால் வைக்கும்போது, "ஆத்தங்கரைல காத்து ஜாஸ்தி, பாத்து" என்றும் சொன்னாள்.

டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டார். முடிவு தபாலில் வரும் என்றார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு தபால்காரர் தெருவுக்குள் நுழையும் நேரத்தில் அவள் கீழே பட்டறை வாசலில்தான் நிற்பாள். ஒரு நாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்துபோய்விட்டார். "எதுவும் வரலையா அண்ணி? நிஜமா?" என்று நாத்தனாரை மும்முறை கேட்டாள். நாத்தனார் முந்தானையை உதறிக் காட்டினாள்.

கடிதம் வந்தபோது அவளே கையெழுத்திட்டு வாங்கினாள். கணவனும் நாத்தனாரும் படிக்கட்டில் நின்று பார்த்தார்கள். பிரித்துப் படித்தாள். கவிழ்த்துப் பின்பக்கம் பார்த்தாள். முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு, அடியிலிருந்த எண்ணுக்கே போன் செய்து, இது நீங்கள் அனுப்பியதுதானா, கையெழுத்து யாருடையது, 'திங்கட்கிழமை முதல் கோபுரம் இரண்டு' என்று போட்டிருப்பது தன் பழைய கிரேன்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆமாம், ஆமாம், ஆமாம் என்றார்கள். போனை வைத்துவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நாத்தனாரும் அழுதாள், சந்தோஷத்தில் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு அழுதாள். அது செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை.